எரிகிற இரண்டு கட்டம்

நானூறு அடி.
தகர டப்பாவுக்குள், கறுப்புப் பைக்குள் சுருண்டு,
கெம்போங் மீனுக்கும் போன தீபாவளி ஆட்டிறைச்சிக்கும் நடுவில்
ஐஸ்பெட்டியில் கிடக்கிறது.
சினிமாக்காரர்களுக்கு இது நாலரை நிமிடமாம்.
எனக்கும் குளுவாங் சியோங்குக்கும்
ஒன்றரை வருஷம்.

நூறு நூறு அடியாய் இருட்டில் வெட்டி
சுற்றுப்பெட்டிக்குள் அடைத்துவிட்டால்
மிச்ச வேலை வெளிச்சத்திலேயே.
சின்ன டப்பியின் தண்டில் நுனியை ஒட்டு,
மூடு,
கைப்பிடியை முப்பத்தொரு தரம் சுற்று.
ஒட்டும்போது வெளிச்சம் கண்ட
நாலு விரற்கடை ஃபிலிம் எரிந்துபோகும்.
இங்கே அதுதான் முதல் நுனி.
கேமராவுக்குள் அதுதான் கடைசி.

எண்காட்டிக்கு இது தெரியாது.
முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று
நம்பிக்கையாய் நகரும்.
மில் வாசலில் குலை லோரி கவிழ்ந்த காலை
அப்படித்தான் போனது.
கிளினிக் கால்வாயிலிருந்து மலைப்பாம்பை
அறுவடைக் கொக்கியால் இழுத்ததும் போனது.
ரூபேல் சிவப்புச் சட்டையில் வந்து நின்றான்,
டாக்காவில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப.
இதில் சிவப்பு விழாதே என்று எப்படிச் சொல்வது என்றிருந்தேன்.
ரூபேலே விழவில்லை.

அதனால்தான்
குணசீலனை அங்கே வைத்தேன்.
திங்கள் விடியுமுன், மூன்றேகால்,
ரெங்கம் ஸ்டேஷன் எதிரே சிங்கப்பூர் பஸ்.
அவர் ஏறும்போது ஒரு தட்டு,
எரியப்போகிற கட்டத்தில்.
எண் அதுவரை வராவிட்டால்
ஞாயிறு மாலை கோழியை எடுப்பேன்,
கொடித்துணியை, பக்கத்து வீட்டு கேஸ் தோம்பை,
எப்படியாவது முப்பத்தைந்துக்குத் தள்ளிவிடுவேன்.
போனது பதியவில்லையென்றால்
போகவில்லை என்றுதானே கணக்கு.
மில் ஆய்வகத்தில் எண்ணெயின் புளிப்பை
இரண்டு தசமத்துக்கு அளக்கிறவள்
இதையும் நம்பினேன்.
பதினான்கு திங்கள். பதினான்கு சனி திரும்பி வந்தார்.

பிறகு அந்த மழை.
தெனாகா கம்பியில் செம்பனை மட்டை விழுந்து
ஊரே அணைந்த இரவு.
சும்மா இருக்கப் பிடிக்காமல் டப்பி அடைத்தேன்.
கத்தரி, ஒட்டுநாடா, தண்டு:
விரலுக்குத் தெரியாத வழியா?
வெளிச்சமே இல்லாத ஊரில்
எந்த நுனியும் எரியாது என்பது மட்டும்
உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை கழுவினேன்.
மெட்டால், சல்ஃபைட், வெங்காரம்,
மில் தராசில் நிறுத்தது, மானேஜருக்குத் தெரியாமல்.
குழாய்த் தண்ணீர் இருபத்தொன்பது டிகிரி.
ஒட்டுக்கடை ஐஸ் இரண்டு பாக்கெட்
அதை இருபத்தொன்றுக்கு இறக்கும்.
ஏழு நிமிடம், நிமிடத்துக்கு நாலு புரட்டு,
வினிகர், ஹைப்போ,
கழுவக் கழுவ லேசாய்ச் செம்மண் நிறத்தில் தண்ணீர்,
கடைசியில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு.
குளியலறைக் கம்பியில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டு
கதவைச் சாத்தினேன்.
பல்லி ஏறும். ஒருமுறை ஏறி
ஒரு முழு வானத்தில் கால் பதித்துவிட்டுப் போயிருக்கிறது.

முப்பத்தாறு இருந்தது.
இரவு கண்ணாடியாய்த் துலங்க,
பஸ்ஸுக்குள் விளக்கு கருகிக் கிடக்க,
கம்பியைப் பிடித்த கை,
அதற்குமேல் முகம்.
என் பக்கம் இல்லை.
உள்ளே யாரோ இடம் பிடித்து வைத்திருக்கவேண்டும்;
அங்கே பார்த்துச் சிரிக்கிறார்,
பல்லெல்லாம் கறுப்பாய், வாய் நிறைய.
ஒன்பது வருஷத்தில்
இந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்ததில்லை.

அன்று மாலை அவரே வந்தார்,
எப்போதும்போல, ஈரக் குடையும் பிஸ்கட் டின்னுமாய்.
கை கழுவப் போனவர்
சுருளின் நுனியைத் தூக்கி
விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
"யாரு இந்த ஆளு?"

பெருசா போட்டாத் தெரியும் என்றேன்.
தாள் தீர்ந்து
மூன்று மாதமாகிறது.